அரக்கு நிறக் கைக்குட்டை

தயாளன் என்ற பெயரை அருள்மேரி முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். செத்துப்போனவள் அவளுடைய பெரியப்பாவின் மூன்றாவது மகனுக்குப் பெண் கொடுத்த மாமியார், பெருங்களத்தூர்க் கிழவி. எண்பத்தேழு வயது. காலையில் காப்பி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவுதான். அதனால் பந்தலில் அழுகையைவிடப் பேச்சு அதிகம். பெட்டியை வண்டியில் ஏற்றியதும் பேண்டு செட்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள். ஒரு ட்ரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறியது பாருங்கள், கிழவியின் கம்மல் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்த மருமகள்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

"யாருடி இவன்? நெஞ்சப் புடிச்சுப் பிசையிறானே" என்று கேட்டாள் அருள்மேரியின் சித்தி.

"படப்பை தயாளன்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவ்வளவுதான் கேட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே பெயர் சர்ச் உபதேசியாரோடு வீட்டு வாசலுக்கு வந்தது, அருள்மேரியின் தங்கை ஷீலாவுக்கு மாப்பிள்ளையாக. அப்பா ஒரே குதியாகக் குதித்தார். சாவுக்கு ஊதுகிறவனுக்கா என் பெண் என்றார்.

அருள்மேரி அப்போது கல்யாணமாகிக் கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இருந்தாள். அப்பாவிடம் பேசும் தைரியம் அந்த வீட்டில் அவளுக்குத்தான் உண்டு.

"ஏம்பா, அதே ஆளுதான கல்யாணத்துக்கும் ஊதுறாரு? சாவு வூட்டுக்குப் போறவனுக்குப் பொண்ணு இல்லன்னா, பாஸ்டருங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்க முடியாது."

உபதேசியார் சிரித்ததில் அப்பாவும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஷீலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் எத்தனை மணிக்கு ஊதிப் பழகுவார் என்று கேட்டாள். ஆறரைக்கு மேலே என்று பதில் வந்ததும் சரி என்றாள். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளையே தன் செட்டுக்காரர்களிடமிருந்து ட்ரம்பெட்டை வாங்கி ஊதியதை இன்றைக்கும் சொந்தத்தில் சொல்வார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் குடிவந்தார்கள். அருள்மேரி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஆரம்பத்தில், பேண்டு இல்லாத நாளில் தயாளன் படப்பையில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை செய்தான். நல்ல மனிதன். குழந்தை இல்லை என்பதை ஒரு நாளும் ஷீலாவின் தலையில் போட்டதில்லை. அருள்மேரியின் மகள் ரேஷ்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். "ஒன் கல்யாணத்துக்குச் சித்தப்பா ஊதுற ஊதுல தாம்பரம் ஸ்டேஷன்ல ட்ரெயின் நிக்கும்" என்பான். பிள்ளை அதை நம்பிக்கொண்டே வளர்ந்தது.

தயாளனிடம் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும். அரக்கு நிறம். அந்த செட்டில் வழக்கம் அது. புதிதாக ட்ரம்பெட் எடுக்கிறவனுக்கு மாஸ்டர் சாலமன் முதல் நாள் ஓர் அரக்கு நிறக் கைக்குட்டை கொடுப்பார். ஊதும்போது உதட்டிலும் ஈறிலும் ரத்தம் வரும், துடைத்தால் தெரியக் கூடாது, ஜனங்களுக்கு முன்னால் அசிங்கம், அதனால். "ரத்தம் வந்தாதான் வாய் பழுக்கும்" என்று அவர்களுக்குள் ஒரு சொல் உண்டு. சாலமனின் குரு சொன்னதாம். தயாளனுக்கு முப்பத்தைந்து வயதில் ரத்தம் வர ஆரம்பித்தபோது அவன் பயப்படவில்லை, பெருமைப்பட்டான். வாய் பழுத்துவிட்டது என்று நினைத்தான். பல் தேய்க்கும்போதும் ரத்தம் வந்தது. புண்ணின் மேல் எதற்கு உரச வேண்டும் என்று, முன்பல் பக்கம் பிரஷ்ஷையே விடாமல் விரலால் பல்பொடியைத் தடவி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டு வாடைக்கு என்று வெற்றிலையோடு துளி புகையிலையும் அடக்கிக்கொள்வான். இப்படியே பன்னிரண்டு வருடம் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அருள்மேரி அந்தப் பன்னிரண்டு வருடமும் வேலை பார்த்தது ஒரு பல் ஆஸ்பத்திரியில். மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடைக்கு மேல் மாடியில், மாளவிகா டாக்டரின் கிளினிக். அங்கே அவள் ஆயா. கூட்டித் துடைப்பது, டாக்டர் பயன்படுத்திய சாமான்களைக் கழுவி, குக்கர் மாதிரி இருக்கும் பெட்டியில் வைத்து ஆவியில் கொதிக்க விடுவது. எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் கை சாமானைக் கழுவும்போது காது டாக்டர் பேச்சில் இருக்கும். ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள் வீட்டு மாப்பிள்ளை வாயைப் பார்க்கவில்லை. தங்கை புருஷன் வாயை உற்றுப் பார்க்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

போன வருடத்துக்கு முந்தின வருடம் கிறிஸ்துமஸ். அருள்மேரி வீட்டில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. ரேஷ்மாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, மே மாதம் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. தட்டில் முறுக்கும் கல்கலும் வைத்தாள். தயாளன் முறுக்கைக் கடித்தான், அப்படியே நின்றான். முறுக்கை வாயிலிருந்து எடுத்து, கடைவாய்க்கு மாற்றிக்கொண்டான். கைக்குட்டையைத் தேடினான், புதுச் சட்டையில் அதை வைக்க மறந்திருந்தான். பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துண்டில் வாயைத் துடைத்தான்.

அருள்மேரி துண்டைப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, அவன் வாயைப் பார்த்தாள். மேல் முன்பற்கள் நாலும் விசிறி மாதிரி விலகி முன்னால் வந்திருந்தன. கல்யாண போட்டோவில் அவை முத்துப்போல வரிசையாக இருந்தவை. இந்த வாயை அவள் கிளினிக்கில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அந்த நூறு பேரில் பாதிப்பேர் போகும்போது பல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனவர்கள்.

"மாப்ளே, முன்பல்லு ஆடுதா?"

"கொஞ்சம் ஆடுது அக்கா. ட்ரம்பெட்டு அழுத்துதுல்ல, அதான்."

"நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"எதுக்கு? புடுங்கறதுக்கா? முன்பல்லு போனா நான் எத்த வெச்சு ஊதறது, ஈறாலயா?" என்று சிரித்தான். ஆனால் சிரிப்பு வாய்க்கு மேலே ஏறவில்லை.

ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல்தான் சுவர். ஊதுவாய் உதட்டில் அழுந்தும்போது உதட்டுக்குப் பின்னால் தாங்குவது அந்தப் பற்கள். அவை போனால் சத்தம் போச்சு. இது தயாளனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பல் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்க விடாமல் இருந்தான். பத்து நாள் ஷீலா கெஞ்சிய பிறகு பொங்கலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

மாளவிகா டாக்டர் கிழக்குத் தாம்பரம் காலனிப் பெண். பார்க்கச் சின்ன வயசு, பேச்சு மெதுவாக வரும்.

"எவ்ளோ வருஷமா ப்ளீடிங் இருக்கு?"

"அது வரும் மேடம். ஊதுறவங்களுக்கு வரும்."

"யார் சொன்னா?"

"எங்க மாஸ்டரோட மாஸ்டரு."

"சரி, அவரை அப்புறமா பாத்துக்கலாம். இப்போ வாயைத் திறங்க."

கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார் டாக்டர். பார்த்துக்கொண்டே எண்ணைச் சொல்ல, உதவிக்கு இருக்கும் பெண் எழுதுவாள். அருள்மேரி சாமான் கழுவும் தொட்டியடியில் நின்று அந்த எண்களைக் கேட்டாள். அவளுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மூன்று வரைக்கும் நல்லது. நாலு ஐந்து என்றால் கவனம். அதற்கு மேலே போனால் டாக்டரின் குரல் தானாகத் தாழும்.

"ஆறு. ஏழு. ஏழு. ஆறு."

அருள்மேரி குழாயை மூடினாள்.

டாக்டர் நாற்காலியை நிமிர்த்தி, தயாளன் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். "இதோ பாருங்க. நாம சாப்பிடறதுல கிருமி பல் மேல மெலிசா ஒட்டும். தினமும் தேய்ச்சு எடுக்கலன்னா இறுகிக் காரையாயிடும். ஈறுக்குக் கீழேயும் இறங்கிடும். அப்போ ஈறு வீங்கி ரத்தம் வரும், பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆயிடும். பைக்குள்ள இன்னும் அழுக்கு சேரும். கடைசில பல்லைத் தாங்குற எலும்பு கரையும். உங்களுக்கு அது பாதி நடந்தாச்சு. ட்ரம்பெட் மேல பழி போடாதீங்க."

"வலிக்கவே இல்லியே மேடம்?"

"அதான் இதுல கஷ்டம். வலிச்சிருந்தா பத்து வருஷம் முன்னாடியே வந்திருப்பீங்க. ரத்தம் வர்ற எடத்துல பிரஷ் படாம பாத்துக்கிட்டீங்களா?"

தயாளன் தலையாட்டினான்.

"எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. எங்க ரத்தம் வருதோ அங்கதான் அழுக்கு இருக்கு. அங்கதான் பிரஷ் போகணும்."

அவன் கேட்டது ஒன்றுதான். "இந்த நாலு பல்லு நிக்குமா மேடம்? மே மாசம் பொண்ணு கல்யாணம். ஊதணும்."

பொண்ணு என்றான். பெண்டாட்டியின் அக்கா மகள் என்றெல்லாம் சொல்லவில்லை. அருள்மேரிக்குக் கண் கரித்தது.

"கரைஞ்ச எலும்பு தானா திரும்ப வராது. மிச்சம் இருக்கறதை நிறுத்திக் காப்பாத்தலாம். நீங்க பாதி, நான் பாதி. நாலு சிட்டிங். அது முடியற வரைக்கும் ஊதக் கூடாது. புகையிலை இன்னியோட கட். அப்புறம் ரத்தத்துல சர்க்கரை டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று அறுபது. அவனுக்கே தெரியாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இறங்காது, இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று அருள்மேரி தங்கைக்குச் சொன்னாள். ஷீலா அன்றைக்கே டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள்.

முதல் இரண்டு சிட்டிங்கில் மேல்வரிசை முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே போய்ச் சுரண்டி எடுத்தார் டாக்டர். தட்டில் விழுந்த காரையை அருள்மேரிதான் கழுவினாள். கறுப்பும் பழுப்புமாகச் சரளைக்கல் பொடி மாதிரி இருந்தது.

வினை அங்கேதான் வந்தது. ஊதக் கூடாது என்று சொன்னால் ஊதுகிறவன் கேட்பானா? இரண்டாவது சிட்டிங் முடிந்த நாலாம் நாள் தயாளன் ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறான். ஊதினால் சத்தத்துக்குப் பதில் சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி புஸ்ஸென்று வந்திருக்கிறது. ட்ரம்பெட்டும் கையுமாக நேரே அருள்மேரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க அக்கா? பல்லு சந்துல காத்து பூடுது. அந்தக் கல்லுதான் பல்லப் புடிச்சுகினு இருந்துச்சு. அத்தப் போயி சொரண்டி எடுத்துட்டாங்களே உங்க டாக்டரம்மா!"

"கல்லு எதையும் புடிக்கல மாப்ளே. போர் தண்ணி புடிக்கிற பக்கெட்டப் பாருங்க. வெள்ளையா உப்பு ஏறிக் கெட்டியா ஒட்டிகினு கீது. அதுவா பக்கெட்டத் தாங்குது? அடியில அரிச்சுகினு இல்ல கீது?"

"உங்க பக்கெட்டு ட்ரம்பெட்டு ஊதாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் தலைகாட்டவில்லை. பின்னாலேயே வந்த ஷீலா வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேக்குறேன். ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு அவரு ஊதணும்னுதான இட்டுகினு போன? இப்ப அவருக்குச் சோறே இதாலதான். அது பூட்டுதே."

நாற்பது வருடமாக அருள்மேரி தலை வாரிவிட்ட தங்கை. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. சொந்தத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆயா வேலை பார்த்துக்கொண்டு டாக்டராகிவிட்டாள் என்றாள் சித்தி மகள் ஒருத்தி. சும்மா கிடந்த வாயைக் கெடுத்துவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. பிள்ளைப்பேற்றுக்கு அருள்மேரி பத்தியம் போட்டுக் காப்பாற்றிய பெண்கள்தான் இரண்டு பேரும்.

அருள்மேரி டாக்டரிடம் போய் நின்றாள். டாக்டர் கோபப்படவில்லை.

"வீக்கம் வத்திருக்கு ஆயாம்மா. அதான் சந்து தெரியுது. நல்லதுதான். ஆடற பல்லை நாலையும் பின்னால மெல்லிய கம்பி வெச்சு ஒண்ணோட ஒண்ணு கட்டிடலாம், கல்லு பண்ணாத வேலையை அது பண்ணும். ஆனா பாதில விட்டார்னா ரெண்டும் கெட்டுடும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

எப்படியாவது என்றால் எப்படி? பக்கெட்டைச் சொல்லியாயிற்று. அழுதும் பார்த்தாயிற்று. யோசித்துக்கொண்டே இருந்தவள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பேண்டு ரூமுக்கு நடந்தாள். மாஸ்டர் சாலமனிடம் சொல்லி, தயாளனுக்குப் புத்தி சொல்ல வைக்கலாம் என்று எண்ணம். வேறு யோசனை ஒன்றும் அவளிடம் இல்லை.

செட்டுக்காரர்கள் ஒரு கல்யாணம் முடித்து வந்து, சிவப்புக் கோட்டைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தயாளனும் ஒரு மூலையில் இருந்தான். ஊதாவிட்டாலும் அங்கே வராமல் அவனால் இருக்க முடியாது. அருள்மேரியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாலமன் எழுந்து நாற்காலி போட்டார். அறுபத்தெட்டு வயது, இன்னும் முதல் ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் நின்று ஊதுகிற ஆள்.

அருள்மேரி வாயைத் திறப்பதற்குள் அவள் கண் ட்ரம் அடிக்கிற அன்புவின் கைக்குப் போனது. அன்பு ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் கொய்யா. கடித்த இடத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி.

"தம்பி அன்பு, நீ செட்டுல இன்னா ஊதுற?"

"நானா? நான் எங்கக்கா ஊதுறேன், ட்ரம்மு அடிக்கிறேன்."

"அப்ப கொய்யால கீற ரத்தம் எங்கேருந்து வந்துச்சு? ட்ரம்மு குச்சியிலேருந்தா?"

எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். அன்புவும் பார்த்தான். "இது எப்பவும் வரும்கா, காலையில பல்லு தேய்க்கறப்பவும் வரும். சூடுன்னு..." என்று இழுத்தான்.

"டேய், ட்ரம்முலயும் வாய் பழுக்குதுடா!" என்று ஒருவன் கத்த, ரூம் முழுக்கச் சிரிப்பு. தயாளன் சிரிக்கவில்லை. அவன் கொய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருள்மேரி திரும்பினாள். "மாஸ்டர், நாப்பத்தஞ்சு வருசம் ஊதியிருக்கீங்க. உங்க கைக்குட்டயக் கொஞ்சம் காட்டுங்க."

சாலமனுக்கு முகம் என்னவோபோல் ஆயிற்று. பாக்கெட்டைத் தொட்டார், விட்டார். பிறகு எடுத்து மடியில் விரித்தார். அரக்கு நிறம்தான். ஆனால் கறையில்லை. வியர்வை உப்புத் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு ரத்தம் வந்ததே இல்லம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்க அம்மா ரெண்டு வேளையும் பல்லு தேய்க்கலன்னா சோறு போட மாட்டாங்க. அப்டியே பழகிடுச்சு. ரத்தம் வராத வாய் பழுக்காத வாய்னு பசங்க நெனச்சுக்குவானுங்களேன்னு நானும் இந்தக் கலரையே வெச்சிருக்கேன்."

"அந்தச் சொல்லச் சொன்ன உங்க குரு? அவரு கடசி வரைக்கும் ஊதினாரா மாஸ்டர்?" என்று கேட்டது தயாளன்.

சாலமன் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "அம்பது வயசுல அவருக்கு முன்பல்லு எல்லாம் பூட்டுதுடா. அப்புறம் பத்து வருசம் செட்டுல பித்தளைத் தட்டு, அந்த சிம்பலத் தட்டுனாரு. நாங்க யாரும் அதப் பத்திப் பேசறதில்ல."

அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அருள்மேரி எழுந்தாள். தயாளனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று தெரிந்த பொம்பளை.

திங்கட்கிழமை காலை அவள் கிளினிக் ஷட்டரைத் தூக்கப் போனபோது, மாடிப்படியில் தயாளன் உட்கார்ந்திருந்தான்.

"பல்லு தேய்ச்சுட்டுத்தான் வந்திருக்கேன் அக்கா" என்றான்.

மீதி இரண்டு சிட்டிங் முடிந்தது. மேல் கடைவாயில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று ஷீலா ஒரே ரகளை. பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. பல் எடுத்த அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து, வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் படிக்கச் சொன்னாள்.

"படப்பை... ஒரகடம்... தோ, வேளச்சேரி. அதுக்குப் பின்னால ஒருத்தன் ஒன்னப் பாத்து சிரிக்கிறான், அவன் பேரும் சொல்லட்டா?" என்றான் தயாளன், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே.

முன்பற்கள் நாலையும் பின்புறம் மெல்லிய கம்பி வைத்து ஒட்டிக் கட்டினார் டாக்டர். மெத்தென்ற பிரஷ்ஷை ஈறை நோக்கிச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். பல் சந்துக்கென்று ஊசி மாதிரி ஒரு குட்டி பிரஷ். அதைப் பார்த்துத் தயாளன், "ட்ரம்பெட்டுக் குழாய் கழுவுறதுக்கு எங்ககிட்டயும் இப்டித்தான் ஒன்னு கீது மேடம். வாரா வாரம் கழுவுவேன்" என்றான்.

"ட்ரம்பெட்டைக் கழுவுவீங்க, வாயை விட்டுடுவீங்க" என்றார் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஊதாமல் இருந்த ஆறு வாரமும் சாலமன் அவனை செட்டை விட்டு அனுப்பவில்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை வேண்டுமே என்று கையில் சிம்பலைக் கொடுத்தார். சாலமனின் குரு தட்டிய அதே பித்தளைத் தட்டுகள். முதல் நாள் அதைக் கையில் வாங்கியபோது இனி நமக்கும் இதுதானோ என்று நினைத்தானாம். ஷீலாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். புகையிலையை அவன் விட்டது டாக்டர் சொன்னதாலா, அந்தத் தட்டுகளாலா என்று கேட்டால், ஷீலா தட்டுகளைத்தான் சொல்வாள்.

ஏப்ரலில் டாக்டர் மறுபடி கம்பியை எடுத்தார். அருள்மேரி தொட்டியடியில் குழாயைத் திறக்காமலே நின்றாள்.

"மூணு. நாலு. நாலு. மூணு." டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். "ரத்தம் இல்ல. சர்க்கரையும் நூத்தம்பதுக்கு வந்திருக்கு. மெதுவா ஆரம்பிங்க. தினம் பத்து நிமிஷம். அழுத்தி ஊதாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வரணும், அது வாழ்நாள் முழுக்க."

"பல்லு இருக்கற வரைக்கும்னு சொல்லுங்க மேடம்" என்றான்.

"அதையேதான் சொன்னேன்."

அன்றைக்குச் சாயங்காலம் ஷீலா ஒரு டிபன் பாக்ஸில் மீன் குழம்பைக் கொண்டுவந்து அருள்மேரி வீட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். "வஞ்சரமா?" என்றாள் அருள்மேரி. "ஆமா" என்றாள் ஷீலா. சீப்பை எடுத்து அக்காவின் முன்னால் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த சமாதானம்.

மே மாதம் ரேஷ்மா கல்யாணம். கோயில் வாசலில் பெண் காரைவிட்டு இறங்கியபோது தயாளன் ஊதினான். தாம்பரத்தில் ரயில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் பந்தலில் நின்றிருந்த சித்தி மகள்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள், அதை அருள்மேரி பார்த்துவிட்டாள். உச்சியில் ஓர் இடத்தில் முன்பெல்லாம் ஏறுகிற அளவுக்கு ஏறாமல், ஒரு படி கீழேயே நின்று இறங்கிவந்தான். அது சாலமனுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் அந்தப் படியைத் தன் ட்ரம்பெட்டில் ஏறி நிரப்பிவிட்டார்.

பிறகு ஒவ்வொருத்தராக அன்பு முதல் செட்டே கிளினிக்குக்கு வந்தது. அன்புவுக்கு ஆரம்பத்திலேயே பார்த்ததால் ஒரே சிட்டிங்கில் முடிந்தது. "எனக்குக் கம்பி கிடையாதா மேடம்?" என்று ஏமாற்றமாகக் கேட்டான். புதிதாக ட்ரம்பெட் எடுக்கிறவர்களுக்குச் சாலமன் இப்போது வெள்ளைக் கைக்குட்டை கொடுக்கிறார். சிவப்பு தெரிந்தால் மறைக்காதே, ஆயாம்மாவிடம் போ என்று சொல்லிக் கொடுக்கிறார். தயாளனின் பழைய அரக்கு நிறக் கைக்குட்டையை ஷீலா அடுப்படியில் கரித்துணியாக வைத்திருக்கிறாள்.

தயாளனுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், அதே வீட்டில் ஷீலாவோடு இருக்கிறான். சாலமன் மாஸ்டரின் செட்டில் முதல் ட்ரம்பெட் அவன்தான்.